கேளுங்கள், சொல்கிறேன்: எந்த மேஜர், எந்த எலெக்டிவ்?

(பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் குவிந்த கடிதங்களில் சில. திருச்சி கலைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்தி, பிளேஸ்மென்ட் பொறுப்பும் பார்த்து ஓய்வு பெற்ற பேராசிரியை பதில் சொல்கிறார்.)

என் மகள் கணக்கில் 93 மார்க். பி.எஸ்சி. மேத்ஸ்தான் சேருவேன் என்கிறாள். என் நாத்தனாரோ, 'மேத்ஸ் படிச்சு டியூஷன் எடுக்கவா போறா? டேட்டா சயின்ஸ்ல சேத்து விடுங்க அண்ணி' என்கிறார். அதே கல்லூரியில் அந்தப் படிப்பு சுயநிதிப் பிரிவில் இருக்கிறது. ஃபீஸ் பல மடங்கு. எதில் சேர்ப்பது?
– ஓர் அம்மா, துறையூர்

நாத்தனாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான விடை படிப்பின் பெயரில் கிடைக்காது, சிலபஸில்தான் கிடைக்கும். இரண்டு படிப்புக்கும் ஆறு செமஸ்டர் சிலபஸை இறக்கி, மகளோடு உட்கார்ந்து பாருங்கள். டேட்டா சயின்ஸ் சிலபஸில் நிகழ்தகவு, புள்ளியியல் அனுமானம், லீனியர் அல்ஜீப்ரா மூன்றும் முழுப் பேப்பராக இருக்கின்றனவா, அதுவும் மெஷின் லேர்னிங்குக்கு முன்னால் வருகின்றனவா? அவற்றை நடத்த நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, செமஸ்டருக்கு ஒருவர் மாறுகிறாரா? இதை அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்காதீர்கள், கேன்டீன் பக்கம் போய் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு கேம்பஸ் இன்டர்வியூ இன்னும் நினைவில் இருக்கிறது. வங்கிக் கடனைத் திருப்பிக் கட்டாதவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் புராஜெக்ட் செய்திருந்தான் ஒரு பையன். 'அக்யுரசி 98 சதவீதம் சார்' என்று பெருமையாகச் சொன்னான். வந்திருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: 'உன் டேட்டாவில் நூறு பேருக்கு எத்தனை பேர் கட்டாதவர்கள்?' பையன் லேப்டாப்பைத் திறந்து பார்த்து, 'இரண்டு பேர்' என்றான். அப்படியென்றால் எல்லோரும் கட்டிவிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 98 சதவீதம் சரியாகிவிடுமே! கண்டுபிடிக்க வேண்டிய அந்த இரண்டு பேரில் ஒருவரைக்கூட மாடல் பிடிக்கவில்லை. அடுத்து உள்ளே போனவளுக்கு மேஜர், அதாவது முதன்மைப் பாடம், மேத்ஸ். அலைடு, அதாவது துணைப் பாடம், ஸ்டாடிஸ்டிக்ஸ். அவளுக்குப் பைதான் கோடிங் அரைகுறைதான். ஆனால் அதே புராஜெக்டைக் காட்டிக் கேட்டதும், கட்டாதவரைக் கட்டுவார் என்பது, கட்டுகிறவரைக் கட்டமாட்டார் என்பது என்று இரண்டு வகைப் பிழைகளையும் பிரித்து, வங்கிக்கு எதில் நஷ்டம் அதிகம் என்று பேப்பரில் போட்டுக் காட்டினாள். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.

ஆகவே மேத்ஸ் எடுக்கட்டும். அலைடாக ஸ்டாடிஸ்டிக்ஸ் கேட்டு வாங்கட்டும். (இப்போது பல பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் அலைடையே எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், என்றுதான் போடுகிறார்கள். பிள்ளைகள் வாயில் இன்னும் அலைடுதான்.) சில கல்லூரிகளில் கேட்காமலே ஃபிசிக்ஸில் போட்டுவிடுவார்கள். முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடலாம், அப்புறம் முடியாது. கோடிங்கை மாலையில் கற்றுக்கொள்ளலாம். லீனியர் அல்ஜீப்ராவை வேலைக்குப் போன பிறகு கற்றுக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மேத்ஸ் படித்தால் போகும் வழியும் பல. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது. அதில் கணிதம், கணிதப் புள்ளியியல் இரண்டுக்கும் தனித்தனிப் பேப்பர். சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் டேட்டா சயின்ஸே எம்.எஸ்சி.யாக இருக்கிறது. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் கம்ப்யூட்டர் முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ., அதுவும் இப்போது 2 வருடம்தான். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது முதுநிலையில் புள்ளியியல் படித்திருக்க வேண்டும்.

மகளுக்கு டீச்சர் ஆசை கொஞ்சமாவது இருந்தால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அரசு வேலைக்குப் பட்டத்தின் பெயர் முக்கியம். புதிய பெயரில் வரும் பட்டம் பழைய பட்டத்துக்குச் சமமா என்பதை இணைத்தன்மைக் குழு பார்த்து, அரசாணை போட்டால்தான் செல்லும். 'இணையானதல்ல' என்று வந்த அரசாணைகளும் உண்டு. பி.எட்.டும் முடித்து, தேர்வும் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நின்று அழுதவர்களை எனக்குத் தெரியும். பி.எஸ்சி. கணிதம் என்ற பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்த பத்து வருடத்துக்கு வேலை உறுதி என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு படிப்பைச் சொல்லுங்களேன்.
– வாசகர், மணப்பாறை

தெரிந்திருந்தால் என் தங்கை பிள்ளைகளை முதலில் அதில் சேர்த்திருப்பேன் சார். 2000–2001இல் டாட்காம் கம்பெனிகள் சரிந்தபோது, கம்ப்யூட்டரே வேண்டாம் என்று பிள்ளைகளை வேறு பக்கம் திருப்பிய பெற்றோர் பலர். அந்த பேட்ச் படித்து முடித்து வெளியே வந்தபோது ஐ.டி. கம்பெனிகள் பஸ் பஸ்ஸாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. சேரும் வருடத்துச் செய்தித்தாளைப் பார்த்து மேஜர் எடுக்காதீர்கள்.

பி.காம். சி.ஏ. இரண்டாம் வருடம் முடிக்கிறேன். அப்பா ஊரில் எல்லோரிடமும் 'பையன் ஆடிட்டருக்குப் படிக்கிறான்' என்கிறார். அடுத்த செமஸ்டரில் எலெக்டிவ் எடுக்க வேண்டும். ஒன்று ஜி.எஸ்.டி., இன்னொன்று தொழில்முனைவோர் மேம்பாடு. இரண்டாவது தியரிதான், சார் தாராளமாக மார்க் போடுவார் என்று கிளாஸ் மொத்தமும் அதில் போகிறது. நான்?
– மாணவர், புதுக்கோட்டை

முதலில் அப்பா விஷயம். தம்பி, உன் சான்றிதழில் இருக்கும் சி.ஏ. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆகிற சி.ஏ. வேறு என்பதை அப்பாவிடம் இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிடு. வருடா வருடம் அட்மிஷன் சமயத்தில் இந்தக் குழப்பம் நடக்கிறது. சில கல்லூரிகள் இதைத் தெளிவுபடுத்த அவசரப்படுவதும் இல்லை.

ஆனால் அப்பா ஆசை நடக்காதது இல்லை. காமர்ஸ் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தால், ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரே சி.ஏ. இன்டருக்குப் பதிவு செய்யலாம். ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பெறும் பயிற்சி, முன்பு 3 வருடம், 2023இல் வந்த புதிய திட்டத்தில் 2 வருடம். அந்த 55க்குத்தான் மார்க் முக்கியம். ஒரு எலெக்டிவில் ஐந்தாறு மார்க் குறைந்தால் அது கவிழ்ந்துவிடாது.

ஜி.எஸ்.டி. எடு. என் பழைய மாணவர் ஒருவர் தில்லை நகரில் ஆடிட்டர். வேலை கேட்டு வருகிறவர்களிடம் 'உன்னைப் பற்றிச் சொல்' என்றெல்லாம் கேட்க மாட்டார். மேஜையில் இரண்டு தாள் வைப்பார். ஒன்று, ஒரு ஹார்டுவேர் கடையின் பர்ச்சேஸ் ரெஜிஸ்டர், நாற்பது பில். இன்னொன்று அதே மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்–2பி (சப்ளையர்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல்), அதில் முப்பத்தேழு. 'எந்த மூணு காணோம், ஏன் காணோம்?' அவ்வளவுதான். சப்ளையர் ரிட்டர்னே போடாமல் இருக்கலாம். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதில் வேறு எண்ணைப் போட்டு, வரவு (வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை) வேறு யாருக்கோ போயிருக்கலாம். அல்லது 11ஆம் தேதிக்குள் சப்ளையர் போட வேண்டிய ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டு, அடுத்த மாதம் வருவதாக இருக்கலாம். 2பி 14ஆம் தேதி வரும், 3பி என்ற மாத ரிட்டர்னைக் கடை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். நடுவில் இருக்கிற அந்த ஆறு நாளில் மூன்று சப்ளையருக்கும் போன் போட்டு, எந்த வரவை இந்த மாதம் எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிற பிள்ளைதான் அவருக்கு வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் காட்டாத பில்லுக்கு இன்புட் கிரெடிட், அதாவது அந்த வரவு, எடுக்க முடியாது என்று சட்டத்திலேயே வந்துவிட்டதால், இது கடைக்காரரின் கைக்காசு. டேலி கணக்கு சாஃப்ட்வேர் தெரியும் என்று பயோடேட்டாவில் போட்டுக்கொண்டு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இந்த இரண்டு தாளில் நின்றுவிடுகிறார்கள் என்று புலம்புவார்.

கிளாஸ் மொத்தமும் மார்க்குக்காக அந்தப் பக்கம் போனால் போகட்டும். இந்தப் பக்கம் பதினைந்து பேர்கூட இல்லையென்றால் கல்லூரி எலெக்டிவையே ரத்து செய்துவிடும் ஆபத்து உண்டு. எத்தனை பேர் வேண்டும் என்று துறைத் தலைவரிடம் இப்போதே விசாரித்து, நீயே ஆள் சேர்.

பி.ஏ. தமிழ் எடுக்க ஆசை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 'தமிழ் படிச்சா சோறு போடுமா' என்று வீட்டில் எல்லோரும் சண்டை. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– மாணவி, அரியலூர்

பாப்பா, அவர்கள் பயம் பொய் இல்லை, அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) என்ற ஒற்றை ரோட்டில் தமிழ் படித்த கூட்டம் பெரிது, இடம் குறைவு. அந்த ஒன்றை மட்டும் நம்பிச் சேராதே.

போட்டித் தேர்வு என்றால் கதை வேறு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் 200 கேள்வியில் 100 தமிழ். அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். எடுத்தால் அந்த மார்க்கும் ரேங்க்கில் சேரும். மற்றவர்கள் கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்வதை நீ மூன்று வருடம் பாடமாகவே படித்திருப்பாய். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு 2010 சட்டத்திலிருந்து இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். நீ படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அந்தச் சான்றிதழை இந்த லீவிலேயே வாங்கி வை. தலைமை ஆசிரியர் மாறி, பதிவேடு தேடி அலைகிறவர்கள் நிறைய. யு.பி.எஸ்.சி.யிலும் தமிழ் இலக்கியம் விருப்பப் பாடமாக இருக்கிறது.

எலெக்டிவில் கல்வெட்டியல் என்று ஒன்று இருந்தால் விடாதே. தமிழ்ப் பிள்ளைகள் பலர் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தைப் பார்த்துப் பயந்து நாட்டுப்புறவியலுக்கு ஓடுவார்கள். எம்.ஏ.வுக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் 2 வருட முதுநிலை டிப்ளமாவில் உதவித்தொகையோடு படிக்கலாம். சேர்க்கிற எண்ணிக்கை மிகச் சிறிது, ஆனால் போட்டி போடுகிறவர்களில் கல்வெட்டைக் கையால் படியெடுத்துப் பழகியவர்களும் குறைவு. நீ இருப்பது அரியலூர்! கங்கைகொண்ட சோழபுரம் கோயில் சுவரே பயிற்சி நோட்டு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் ஒரு வரியாவது படித்துப் பார். பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மகனின் இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்கு, வீட்டருகே பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும். அண்ணா பல்கலையின் கிண்டி வளாகத்தில் லெதர் அல்லது டெக்ஸ்டைல் கிடைக்க வாய்ப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். லெதர் என்றால் தோல் பதனிடும் வேலையா?
– அப்பா, பெரம்பலூர்

பதனிடுவதும் அதில் உண்டு, நாற்றமும் உண்டு. அதோடு வேதியியல், ஷூ வடிவமைப்பு, கழிவுநீர் சுத்திகரிப்பு, ஏற்றுமதித் தரச் சோதனையும் சேர்ந்த படிப்பு. பிள்ளைகள் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலேயே படிக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வேலை இருக்கும் இடமும் நம் மாநிலத்திலேயே. டெக்ஸ்டைலுக்குத் திருப்பூர், கோவை. ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் பலவும் எல்லாப் பிரிவினரையும் டெஸ்ட் எழுத விடுகின்றன என்பதால் அந்தக் கதவும் மூடிவிடாது.

பையனுக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்குமா என்று மட்டும் கேளுங்கள். பிடிக்கும் என்றால் நான் கிண்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கெமிஸ்ட்ரி என்றாலே முகம் சுளிக்கிறான், கம்ப்யூட்டர்தான் என்கிறான் என்றால், பக்கத்துக் கல்லூரியையே எடுங்கள். ஆனால் அங்கே எலெக்டிவ்தான் அவனைக் காப்பாற்ற வேண்டும். அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) புரொஃபஷனல் எலெக்டிவ்களை வெர்ட்டிக்கல், அதாவது ஒரே துறை சார்ந்த தொகுப்பு, என்று பிரித்திருந்தார்கள். இப்போது சேருகிறவனுக்கு எந்த ரெகுலேஷன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அதில் ஒன்று, இதில் ஒன்று என்று மேய்கிறார்கள். ஒரே வெர்ட்டிக்கலில் நாலைந்து பேப்பர் எடுத்தால்தான் இன்டர்வியூவில் பேச ஏதாவது இருக்கும். மார்க் நன்றாக இருந்தால் கூடுதலாக 18 கிரெடிட் படித்து ஹானர்ஸ் அல்லது மைனர் என்ற கூடுதல் தகுதியும் அந்த 2021 ரெகுலேஷனில் வாங்க முடிந்தது. எம்.டெக். சேர கேட் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், கம்பைலர், ஆபரேட்டிங் சிஸ்டம் கிளாஸில் தூங்காமல் இருக்கச் சொல்லுங்கள். அந்தத் தேர்வில் அவற்றிலிருந்தும் கேள்வி வரும்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் லிஸ்ட் போடும்போது மேலிருந்துதான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டு வரும். கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடாதீர்கள், வேண்டும் என்பதை மேலே போடுங்கள்.

பி.எஸ்சி. சைக்காலஜி முடித்ததும் சொந்தமாகக் கவுன்சலிங் கிளினிக் வைக்கலாமா?
– மாணவி, கும்பகோணம்

வைக்கக் கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட, அதற்கென அங்கீகரித்த மேற்படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பி.எஸ்சி. அதற்கு முதல் படி மட்டும். மேலும் நாலைந்து வருடம் படிக்க வீட்டில் வசதியும் பொறுமையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர். சேர்ந்தால் எலெக்டிவாக ஸ்டாடிஸ்டிக்ஸ் எடு. இதை என் சப்ஜெக்ட் என்பதற்காகச் சொல்லவில்லை. மேற்படிப்பில் ஆராய்ச்சி முறைகள் பேப்பரில்தான் சைக்காலஜி பிள்ளைகள் அதிகம் அரியர் வைக்கிறார்கள்.