ஐந்து சுரம், ஐந்து முகம்: பென்டடோனிக் கேள்வி பதில்

கேள்வி: ஏழு சுரத்தில் ஏதாவது இரண்டைத் தூக்கிவிட்டால் பென்டடோனிக், அதாவது ஐந்து சுர ஸ்கேல், வந்துவிடுமா?

பதில்: எண்ணிக்கைக்கு வந்துவிடும். ஆனால் எந்த இரண்டு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சி மேஜர் ஸ்கேலில் (சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி) எஃப், பி இரண்டையும் எடுத்தால் சி, டி, இ, ஜி, ஏ மிஞ்சும். நம் கர்நாடக இசைக் கணக்கில் ச ரி க ப த, அதாவது மோகன ராகம். மேஜரில் அரைச்சுர (கீபோர்டில் ஒட்டினாற்போல் அடுத்த கட்டை) இடைவெளியில் உரசுகிற ஜோடிகள் இரண்டே: இ–எஃப், பி–சி. எடுத்த இரண்டோடு அந்த உரசலும் போய்விடுகிறது. எஃப்புக்கும் பிக்கும் நடுவே இருந்த ட்ரைடோனும் (மூன்று முழுச்சுர தூரம், காதுக்குக் கரடு) இல்லை. அதனால்தான் எதை எதோடு சேர்த்து அழுத்தினாலும் காதைக் குத்துவதில்லை.

கேள்வி: கீபோர்டில் கருப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தேன் அண்ணா. இனிமையாகத்தான் இருக்கிறது, எங்கே முடிப்பதென்றுதான் தெரியவில்லை.

பதில்: ஆர்கன் சத்தம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கருப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டை எஃப் ஷார்ப். அதை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி வலது கையால் சுற்றி வாருங்கள், மோகனம் கேட்கும். வலது கை அப்படியே ஓடட்டும், இடது கையை மட்டும் டி ஷார்ப்புக்கு மாற்றுங்கள். அதே கட்டைகள்தான், முகம் வாடிவிடும். அது மைனர் பென்டடோனிக், நம் சுத்த தன்யாசி. ஜி ஷார்ப்பைப் பிடித்தால் மத்யமாவதி, ஏ ஷார்ப்பில் இந்தோளம், சி ஷார்ப்பில் சுத்த சாவேரி. சுரங்களை மாற்றாமல் ஆதார சுரத்தை மட்டும் மாற்றி வேறு ராகம் கொண்டுவருகிற இதைத்தான் கிரக பேதம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் பிடித்திருக்கும் ஆதார சுரத்தில் வந்து முடியுங்கள்.

கேள்வி: ஏ மைனர் பென்டடோனிக்கும் சி மேஜர் பென்டடோனிக்கும் ஒரே சுரங்கள் என்றால் எதற்கு இரண்டு பெயர்?

பதில்: மேலே சொன்ன இடது கைக் கதையேதான். சுரங்கள் ஒன்றே, ஆதாரம்தான் வேறு. கிட்டாரில் அந்த வேலையைப் பின்னால் ஒலிக்கும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) செய்கிறது.

கேள்வி: ப்ளூஸ் ஸ்கேல்?

பதில்: மைனர் பென்டடோனிக்கோடு பஞ்சமத்துக்கு அரைச்சுரம் கீழே ஒன்று சேர்த்தால் சரி. ஏ மைனரில் அது இ ஃப்ளாட். அங்கே நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

கேள்வி: அம்சத்வனி ராகத்துக்கும் ஐந்து சுரம்தானே? அது ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

பதில்: ஔடவம்தான் (ஐந்து சுர ராகம்), சந்தேகமில்லை. ஆனால் ச ரி க ப நி என்று போகிறது. நிஷாதத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் அரைச்சுரம்தான் தூரம். மோகனத்தில் விரட்டிய உரசல் இங்கே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. நிஷாதத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், உங்களை மேலே பிடித்து இழுக்கும்.