260 வாட் கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

வணக்கம் தம்பி. எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த கையோடு வாங்கிய பழைய அலுவலகக் கணினி, ஐ5-8500 பிராசசர், 260 வாட் பவர் சப்ளை; இதில் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அந்த கார்டு இழுப்பது 115 வாட்தான். ஆனால் அதைத் தயாரிக்கும் என்விடியா, முழுக் கணினிக்கும் சேர்த்து 550 வாட் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறது. பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு 8 முனை கொண்ட தனி மின்கேபிளும் வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரை 8 முனையாக மாற்றும் அடாப்டரைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். சாட்டா முனை தாங்குவது ஏறக்குறைய 54 வாட். 8 முனை கேட்பது 150 வாட் வரை. பிளாஸ்டிக் உருகும். பவர் சப்ளையையே மாற்றலாம் என்றால், இத்தகைய கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் மின் இணைப்பு வழக்கமான 24 முனையாக இருப்பதில்லை; கடையில் விற்கும் சாதாரண பவர் சப்ளை அதில் நேரடியாகப் பொருந்தாது. பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட், மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டே போதும், தனி மின்கேபிள் வேண்டாம். 8 ஜிபி வகையைத் தவறுதலாக எடுத்துவிடாதீர்கள், அது 130 வாட். 1080பி (1920×1080) திரையில் நடுத்தர அமைப்பில் பெரும்பாலான விளையாட்டுகள் நன்றாகவே ஓடும்.

சுங்கை சிப்புட்டில் கிடைக்காவிட்டால் ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும். பஸ் ஏறுமுன் பெட்டிக்குள் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) வகை கேளுங்கள். இடி மழைக்கு, திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் வாங்குங்கள். பொருத்தியதும் மானிட்டர் கேபிளைப் புதிய கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.