பேய் வேறு, பூதம் வேறு

கேள்வி: எனக்கு வயது 58. ‘கிங் காங்’, ‘காட்சில்லா’ மாதிரி பேய்ப் படங்கள் என்றால் எனக்கு இன்றைக்கும் சாப்பாடுகூட வேண்டாம். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பழைய படங்களின் பக்கத்தில் புதியவை நிற்க முடியாது என்பது என் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: கட்சிக்கு அப்புறம் வருகிறேன். ‘பேய்ப் படம்’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். பேய்க்குக் கால் தரையில் பாவாது. சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். கிங் காங் வந்தால் சுவர் இடிந்து விழும். அது பூதம். இதை இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், எங்கள் உதவி ஆசிரியர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் ஒரு பூதம் இருக்கிறது. போலிச் சாமியார், பொய்ச்சாட்சி சொல்பவன், கோள் மூட்டுபவன், அடுத்தவன் மனைவியை நாடுபவன் எல்லாரும் என் கயிற்றில் மாட்டுவார்கள் என்று நான்கு காதத்துக்குக் கேட்கும்படி முழங்கும். மாட்டியவனை அடித்தே தின்னும். குரல், எடை, பசி, அதற்கென்று ஒரு நியாயம் எல்லாம் உள்ள பிறவி. இப்படி ஒரு பூதம் உலவுகிற மொழியில் கிங் காங்கைப் பேய் என்று எழுதினால் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த முழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு, 1954இல் வந்த முதல் காட்சில்லாவைக் கண்ணை மூடிக் கேளுங்கள். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் என்கிற ஆளுயர வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் உரசி எடுத்த உறுமல் அது. அந்த வருடம் மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மேல் கொட்டியது. அப்படி ஒரு குண்டுச் சோதனை கிளப்பிவிட்ட பூதம்தான் காட்சில்லா. நவம்பரில் படம் வந்துவிட்டது. அந்த உறுமலில் எனக்குக் கோபத்தைவிட வலிதான் அதிகம் கேட்கிறது.

கிங் காங் (1933) கதை வேறு. அவ்வளவு பெரிய குரங்கு, பல காட்சிகளில் ஏறக்குறைய ஒன்றரை அடி பொம்மைதான். உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர், அதன்மேல் முயல் தோல். வில்லிஸ் ஓ’பிரையன் குழுவினர் அதை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு சட்டமாக (ஃப்ரேம்) படம் பிடித்தார்கள். திரையில் ஒரு வினாடி ஓட 24 சட்டங்கள் வேண்டும். தொடும்போதெல்லாம் விரல் பட்டு முயல் மயிர் கலைந்தது. அடுத்த முறை பார்க்கும்போது காங்கின் தோளையும் மார்பையும் கவனியுங்கள், மயிர் சிலிர்த்து அலை அலையாக ஓடும். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய விரல்களின் தடம் அது. எனக்கு அதைப் பார்க்கிறபோதெல்லாம் தொண்டை அடைக்கும்.

இனி உங்கள் கட்சி. அதில் நான் சேர முடியாது. புதிய படங்கள் பலவற்றின்மேல் எனக்கும் கோபம் உண்டு. பூதம் வந்தாலே ராத்திரி, மழை, புகை. போதாததற்குக் காது கிழியும் சத்தம். பூதத்தை ஆசையாகப் பார்க்க வந்தவனுக்கு அதன் முகத்தைக் காட்ட வேண்டாமா? ஆனால் அதற்காகக் கம்ப்யூட்டரைத் திட்டுவது சரியில்லை. 2023இல் வந்த ‘காட்சில்லா மைனஸ் ஒன்’ படத்தின் கிராஃபிக்ஸ் வேலையைச் செய்தவர்கள் வெறும் 35 பேர். ஆஸ்கார் வாங்கினார்கள். ஒரு சின்ன மரப்படகைக் கடலில் காட்சில்லா துரத்தும் காட்சி அதில் பட்டப்பகலில் நடக்கிறது. தண்ணீருக்கு மேலே தலை மட்டும் வரும், அந்தத் தலைக்கு எவ்வளவு எடை என்று தண்ணீரே சொல்லும்.

சிரிக்கிற பேரப்பிள்ளைகளுக்கு ‘மாயா பஜார்’ (1957) போட்டுக் காட்டுங்கள். கடோத்கஜனாக ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகப் பறந்து அவர் வாய்க்குள் போகும். கடோத்கஜன் இடும்பி பெற்ற அரக்கப் பிள்ளை, பூதமில்லை. ஆனாலும் நெருங்கிய உறவுதான். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், நம் வடபழனி விஜயா வாஹினியில் எடுத்த படம் அது. அந்த ஸ்டுடியோ இருந்த நிலத்தில் இப்போது ஒரு மால் நிற்கிறது, அதற்குள்ளேயே தியேட்டரும் இருக்கிறது. அடுத்த பூதப் படம் வரும்போது பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். விளக்கு அணைவதற்கு முன்னால், லட்டு பறந்தது இந்த மண்ணில்தான் என்று சொல்லிவிடுங்கள்.