ஜாஸ் ரசிகர்கள் விளையாட்டு, சினிமா எல்லாம் பார்ப்பீர்களா? உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?

கேள்விக்குக் கீழே 'ஜாஸ் கேட்பவர்கள் என்றாலே கொஞ்சம் அலட்டல் பேர்வழிகள் என்று ஒரு எண்ணம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணம் பாதி சரி. ஆனால் நான் ஐபிஎல்லும் பார்க்கிறேன், மசாலாப் படத்துக்கு முதல் வாரமே போகிறேன். பார்க்கும் விதம்தான் கொஞ்சம் கோணல்.

ஜாஸ் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. முன்னால் நிற்பவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் இருப்பவரையே காது தேடும். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் பதிவானது, ஜாஸ் கேட்காதவர்கள்கூட பெயரைக் கேட்டிருப்பார்கள். அதன் முதல் பாட்டில் மெட்டை யார் வாசிக்கிறார்? ட்ரம்பெட்டும் இல்லை, சாக்ஸ் என்ற சாக்ஸஃபோனும் இல்லை. பால் சேம்பர்ஸ் என்பவர் பேஸ் என்ற, கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்திவாத்தியத்தின் கம்பிகளில் வாசிக்கிறார், மற்றவர்கள் இரண்டு இரண்டு சுரமாகப் பதில் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு 23 வயது. அதற்கப்புறம் மைல்ஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப், சிம்பல் என்ற உலோகத் தட்டை ஓங்கி ஒரு அடி அடிப்பார். அந்த ஒலி அடங்குவதற்குள் ட்ரம்பெட் நான்கைந்து சுரம் போயிருக்கும். எனக்கு அந்தப் பாட்டே அந்த ஒரு அடிதான். மைல்ஸ் வாசிப்பது பிறகு.

இந்தப் புத்தியோடு போய் டிவி முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பாஸ்கெட்பாலில் எல்லோரும் கொண்டாடும் மைக்கேல் ஜோர்டானைப் பார்க்காமல், யூட்டா ஜாஸ் அணியில் பந்தை எடுத்துக் கொடுத்த ஜான் ஸ்டாக்டனைப் பார்ப்பேன்.

யூட்டா ஜாஸ் என்ற அணியின் பெயரைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். யூட்டா அமெரிக்காவில் ஒரு மலைநாட்டு மாநிலம், மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் தேவாலயங்கள் நிறைந்த ஊர், ஜாஸுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். விஷயம் என்னவென்றால் அந்த அணி 1974இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கியது. ஜாஸ் பிறந்த ஊரே அதுதான், அந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. பணம் கட்டுப்படியாகாமல் 1979இல் சால்ட் லேக் சிட்டிக்குப் போனார்கள், பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டே போய்விட்டார்கள். இன்று நியூ ஆர்லியன்ஸுக்கு இருக்கும் அணியின் பெயர் பெலிக்கன்ஸ். கூழைக்கடா! எனக்கு ஆறவே இல்லை.

ஆனால் யூட்டாவில்தான் ஜான் ஸ்டாக்டன் விளையாடினார். 19 சீசன், ஒரே அணி. மொத்தம் 15,806 அசிஸ்ட்டுகள், அதாவது அவர் கொடுத்த பந்தை இன்னொருவர் கூடையில் போட்ட தடவைகள். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் நெருங்கக்கூட இல்லை. அந்த இன்னொருவர் பெரும்பாலும் கார்ல் மலோன். இருவரும் ஆடிய பிக் அண்ட் ரோல் இருக்கிறதே, அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டாக்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். மலோன் மேலே ஏறி வந்து, ஸ்டாக்டனைக் காவல் காப்பவரின் பாதையில் தூண் மாதிரி நிற்பார். காவல்காரர் மலோன் மேல் மோதும் அரை நொடியில் மலோனைக் காப்பவர் முடிவெடுத்தாக வேண்டும். ஸ்டாக்டனைத் தடுக்கப் போனால் மலோன் திரும்பிக் கூடையை நோக்கி ஓடிவிடுவார், பந்து தரையில் ஒரு முறை பட்டு அவர் கைக்குப் போய்விடும். போகாமல் நின்றால் ஸ்டாக்டனே எறிவார். இதையேதான் ஆடப்போகிறார்கள் என்று எதிரணிக்கும் தெரியும், அரங்கத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். தெரிந்தும் பல வருடம் யாராலும் முழுசாக நிறுத்த முடியவில்லை. எத்தனை மணி நேரம் சேர்ந்து பழகினால் இரண்டு பேருக்கு அந்த அரை நொடி வசப்படும் என்று யோசித்துப் பார்த்தால், ஒரு நல்ல பேஸ் வாசிப்பவரும் டிரம்ஸ் வாசிப்பவரும்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

1997, 1998 இரண்டு இறுதிச் சுற்றிலும் ஜோர்டானின் சிகாகோ புல்ஸிடம் தோற்றார்கள். 1998இன் கடைசி ஆட்டத்தில் மலோன் கையிலிருந்த பந்தை ஜோர்டான் பின்னாலிருந்து வந்து தட்டிப் பறித்தார். எதிர்ப்பக்கம் போய், 5.2 நொடி மீதம் இருக்கும்போது எறிந்து, 87-86 என்று முடித்துவிட்டார். உலகமே திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி அது. ஜோர்டான் மேதைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பத்து நொடி கிளிப்பை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, பாஸ்கெட்பால் என்பது ஒரே ஆள் ஆடும் ஆட்டம் என்றுதான் தோன்றும். ஹைலைட்ஸ் என்ற சங்கதியே எனக்குப் பிடிக்காது. முழுப் பாட்டையும் விட்டுவிட்டு உச்சஸ்தாயி வரும் இடத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் கேட்பீர்களா?

ஜாஸுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் நிஜமான ரத்த உறவு வேண்டுமென்றால் யூட்டாவை விட்டுவிட்டு பாஸ்கெட்பால் வீரர் கரீம் அப்துல் ஜப்பாரைப் பிடியுங்கள். அவருடைய அப்பா ஜூலியார்ட் இசைப்பள்ளியில் டிராம்போன் என்ற ஊதுகுழல் படித்தவர். பிழைப்புக்கு நியூயார்க்கில் ரயில் போலீஸ் வேலை. 1983இல் கரீமின் வீடு தீப்பிடித்து, ஆயிரக்கணக்கான ஜாஸ் ரெக்கார்டுகள் எரிந்துபோயின. செய்தி தெரிந்ததும் ரசிகர்கள் தங்களிடம் இருந்த ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைவிட நல்ல விளையாட்டுச் செய்தி நான் படித்ததில்லை.

குத்துச்சண்டை எனக்கு ஆகாது. ரத்தத்தைக் கண்டால் சேனலை மாற்றிவிடுவேன். ஆனால் மைல்ஸுக்கு அது உயிர், தானே ஜிம்முக்குப் போய்ப் பழகியவர். உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சனைப் பற்றிய ஆவணப்படத்துக்காக அவர் கொடுத்த ஆல்பம் 1971இல் வெளிவந்தது. அதன் முதல் பாட்டு கிட்டத்தட்ட 27 நிமிடம். ஸ்டுடியோவில் மைல்ஸ் வருவதற்குள் கிட்டாரில் ஜான் மெக்லாக்லின் சும்மா ஏதோ தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். வேறு வேலையாக அந்தக் கட்டடத்துக்கு வந்த பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கைப் பிடித்து ஆர்கன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். ஓரிடத்தில் மெக்லாக்லின் சுருதியை மாற்றுகிறார், பேஸ் வாசிக்கும் மைக்கேல் ஹெண்டர்சன் அதைக் கவனிக்காமல் பழைய சுருதியிலேயே நிற்கிறார். இரண்டும் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் மைல்ஸ் உள்ளே வருகிறார். வேறு யாராவது இருந்தால் 'நிறுத்து, முதலிலிருந்து வாசி' என்றிருப்பார்கள். இவர் அந்த முட்டலுக்கு நடுவில் இரண்டுக்கும் ஒத்துப்போகிற சுரத்தைப் பிடித்து நுழைகிறார். எனக்கு அந்த ஆல்பத்தில் குத்துச்சண்டை தெரிவது அங்கேதான்.

அதே மெக்லாக்லின்தான் பிற்பாடு எல். சங்கர், ஜாகிர் ஹுசைன், நம்ம விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவைத் தொடங்கினார். 1976இல் வந்த முதல் ஆல்பத்தில் ராம்நாட் ராகவன் மிருதங்கம். தாளக்காரர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் இடங்களில் அங்கே கூட்டம் எப்படி ஆர்ப்பரிக்கிறது என்று கேளுங்கள். நம் ஊரில்? தனி ஆவர்த்தனம் என்றதும் பாதி சபா எழுந்து கேன்டீனுக்குப் போகும். நெய் ரோஸ்ட் எங்கேயும் ஓடிவிடாது ஐயா, கொஞ்சம் உட்காருங்கள். ஒன்றரை மணி நேரம் பின்பாட்டு மாதிரி அடக்கி வாசித்தவருக்கு கிடைப்பதே அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2001 கொல்கத்தா டெஸ்ட் என்றால் எல்லோருக்கும் லக்ஷ்மணின் 281. எனக்கு டிராவிடின் 180. ஃபாலோ ஆன் வாங்கிய பிறகு இருவரும் சேர்ந்து 376 ரன், நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. அந்த ஆட்டத்தில் டிராவிடை மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறக்கி, அவர் இடத்தை லக்ஷ்மணுக்குக் கொடுத்திருந்தார்கள். மனசில் என்ன இருந்திருக்கும்? தன் இடத்தைப் பிடித்துக்கொண்டவர் எதிர்முனையில் வார்னேவை ஏறி வந்து அடிக்கிறார், இவர் ஸ்ட்ரைக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே நாளை ஓட்டுகிறார். அதிகம் வாசிக்காமல் இருப்பதும் வாசிப்புதான் என்று புரிந்தவர்களால் மட்டுமே அப்படி ஆட முடியும். ஐபிஎல்லில் அந்த மாதிரி இன்னிங்ஸுக்கு இடமே இல்லை என்று புலம்பமாட்டேன், அது வேறு ஆட்டம். ஆனால் ஓவருக்கு ஓவர் ஸ்பீக்கரில் அலறவிடுகிறார்களே, அதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். பந்து மட்டையில் படும் சத்தம்தான் கிரிக்கெட்டின் நல்ல இசை, அதைக் காசு கொடுத்தும் கேட்க முடியவில்லை.

சினிமாவுக்கு வருவோம். 'விப்லாஷ்' படம் பிடிக்குமா என்று என்னிடம் கேட்காத நண்பர்களே இல்லை. 2014இல் வந்தது, டிரம்ஸ் படிக்கும் பையனும் அவனை வதைக்கும் வாத்தியாரும். நன்றாக எடுத்த படம், நாற்காலி நுனியில் உட்கார வைக்கும், ஆஸ்கர் வாங்கிய எடிட்டிங். பிடிக்காது. அந்த வாத்தியார் திரும்பத் திரும்ப ஒரு கதை சொல்வார்: சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கர் சின்னப் பையனாக இருந்தபோது மேடையில் சொதப்பினார், டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் அவர் தலையைக் குறிபார்த்து சிம்பலை எறிந்தார், அந்த அவமானத்தில்தான் பார்க்கர் மேதையானார் என்று. 1936இல் கன்சாஸ் சிட்டியில் நடந்ததாகச் சொல்லப்படுவது வேறு. ஜோன்ஸ் சிம்பலைப் பையனின் காலடியில் போட்டார். 'போதும், இறங்கு' என்று அர்த்தம். கிண்டல்தான், கொலைவெறி இல்லை. பார்க்கர் அடுத்த கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் ஒரு குழுவோடு வாசிக்கப் போய், சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங்கின் ரெக்கார்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக் கற்றார். கேட்டு! அந்தப் படத்தில் பையன் கையில் ரத்தம் வர அடிக்கிறான், ஐஸ் தண்ணீரில் கையை முக்குகிறான். பக்கத்தில் வாசிப்பவரை அவன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டதாக எனக்கு ஒரு காட்சி நினைவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் எதிரி. அது ஜாஸ் படம் இல்லை, குத்துச்சண்டைப் படம்.

'ரவுண்ட் மிட்நைட்' பாருங்கள், 1986. பாரிஸில் வாழும், குடியை விட முடியாத ஒரு சாக்ஸ் கலைஞனின் கதை. நடித்தவர் டெக்ஸ்டர் கார்டன், நிஜமான சாக்ஸ் கலைஞர். முதல் பெரிய வேடத்திலேயே சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கினார். படத்துக்கு இசை ஹான்காக், அவருக்கு ஆஸ்கரே கிடைத்தது. பின்னால் தனியாகப் பதிவு செய்து ஒட்டாமல் கேமரா ஓடும்போதே வாசித்த இசை என்பதால், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் முகத்தில் என்ன நடக்கிறது என்று அப்படியே தெரியும். படம் மெதுவாகத்தான் போகும், முதல் அரை மணி நேரத்தில் என்னைத் திட்டுவீர்கள். திட்டிக்கொண்டே அந்தக் கிளப் காட்சிகளில் பின்வரிசையைப் பாருங்கள்.