வீட்டில் பேல் ஏல்: மால்ட் சாறும் ஹாப்ஸும் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர் நிறப் பீர் வகை) வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்க விரும்புகிறேன். விற்பனைப் பட்டியலில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு, சேர்க்காத மால்ட் சாறு, உலர் மால்ட் தூள் என மூன்று வகைகள் உள்ளன. முதல் வகைதான் விலை குறைவு. அதையே வாங்கி, மேற்கொண்டு வேண்டிய ஹாப்ஸை நானே போட்டுக் கொதிக்கவைத்தால் என்ன?

பதில்: வீட்டில் பீர் காய்ச்சுவதை எல்லா நாட்டுச் சட்டங்களும் அனுமதிப்பதில்லை; அனுமதிக்கும் இடங்களிலும் அளவு வரம்போ விற்பனைத் தடையோ இருப்பது வழக்கம். ஆகவே அதை முதலில் விசாரித்துக்கொண்டு பிறகு பணத்தை எடுங்கள்.

ஹாப்ஸ் சேர்த்த டப்பா என்பது கசப்பை ஏற்கெனவே அளந்து கலந்துவிட்ட சரக்கு. வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த நீர் சேர்த்து, ஈஸ்ட் தூவுவதற்கென்றே அது தயாரிக்கப்படுகிறது. அதை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் அதிலுள்ள மணம் ஆவியோடு போய்விடும். மேலும் ஹாப்ஸ் போட்டால் கசப்பு கூடும், ஆனால் எவ்வளவில் தொடங்கி எவ்வளவுக்குக் கூடியது என்று கணக்கிட முடியாது. விலை குறைவு என்பதும் பாதி உண்மைதான். 1.7 கிலோ டப்பா ஒன்று 20 லிட்டருக்குப் போதாது என்பதால், கூடவே ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கும்படி உள்ளே இருக்கும் தாள் சொல்லும். அப்படிச் செய்தால் பீரின் ஆல்கஹாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையிலிருந்து வரும். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடுவதால் உடல் மெலிந்த, நீர்த்த பீர்தான் மிஞ்சும். ஹாப்ஸை நீங்களே சேர்ப்பதாக இருந்தால் ஹாப்ஸ் சேர்க்காத, வெளிர் நிற வகையை மட்டும் வாங்குங்கள்.

சாறா, தூளா என்பதை விலைச்சீட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சாற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அதனால் ஒரு கிலோ சாறு செய்யும் வேலையை 800 கிராம் தூள் செய்துவிடும். தூளின் கிலோ விலையை 0.8 ஆல் பெருக்கிவிட்டுச் சாற்றின் கிலோ விலையோடு ஒப்பிட்டால் உண்மையான வேறுபாடு தெரியும். தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் கரைசலின் அடர்த்தி; வெறும் தண்ணீருக்கு 1.000) 1.050 கொண்ட 20 லிட்டருக்குச் சாறு என்றால் சுமார் 3.3 கிலோ, தூள் என்றால் சுமார் 2.7 கிலோ தேவைப்படும். நொதித்து முடிந்ததும் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். விலை சற்றே கூடினாலும் என் தேர்வு தூள்தான், ஏனெனில் அது சாற்றைவிட மெதுவாகப் பழசாகும், மீந்ததைக் காற்றுப் புகாமல் மூடியும் வைத்துக்கொள்ளலாம். ஒரு தொல்லை உண்டு: கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பையைச் சாய்த்தால் ஆவி பட்டு, தூள் பையின் வாயிலேயே பாறையாக இறுகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டுங்கள்.

கேள்வி: செய்முறையில் 60 நிமிடக் கொதிக்கு 25 கிராம் காஸ்கேட் ஹாப்ஸ், ஆல்ஃபா அமிலம் 5.5 சதவீதம் என்று இருக்கிறது. எனக்கு வந்த பொட்டலத்தில் 7.8 என்று அச்சிட்டிருக்கிறது. தவறான சரக்கை அனுப்பிவிட்டார்களா? தவிர, உடன் வாங்கிய இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தபோது பழைய பாலாடைக்கட்டியின் வாடை அடித்தது.

பதில்: முதல் பொட்டலத்தில் குறையில்லை. ஒரே ரக ஹாப்ஸிலும் கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் அறுவடைக்கு அறுவடை, வயலுக்கு வயல் மாறும். அந்த எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுபவரே நம்பத்தக்க விற்பனையாளர். அச்சிடாதவரிடம் கசப்புக்கான ஹாப்ஸை வாங்கவே வேண்டாம் என்பேன். செய்முறையின் எடையையும் சதவீதத்தையும் பெருக்கி, உங்கள் சதவீதத்தால் வகுங்கள்: 25 × 5.5 ÷ 7.8, அதாவது சுமார் 17.5 கிராம். திருத்தாமல் 25 கிராமையே போட்டால், 20 லிட்டரில் 16 அலகு (பீரின் கசப்பை அளக்கும் IBU அலகு) தர வேண்டிய கசப்பு 22-ஐத் தாண்டிவிடும். அமெரிக்கப் பாணிப் பேல் ஏலின் மொத்தக் கசப்பு பொதுவாக 30 முதல் 50 அலகு வரை என்பதால், இந்த வேறுபாடு நாக்குக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு தொடக்கத்தில் போடும் ஹாப்ஸுக்கு மட்டுமே பொருந்தும். ஆல்ஃபா அமிலம் நீண்ட கொதியில் உருமாறித்தான் கசப்பைத் தரும். கடைசி 15 நிமிடத்தில் போடுவது 60 நிமிடத்தில் கிடைப்பதில் பாதியளவும், கடைசி 5 நிமிடத்தில் போடுவது ஐந்தில் ஒரு பங்கும்தான் கசப்பு தரும். அப்போது நாம் தேடுவது எண்ணெய்களின் மணத்தை. ஆகவே கடைசிச் சேர்க்கைகளையும், நொதித்தல் முடிந்தபின் குளிர்ந்த பீரில் நான்கைந்து நாள் ஊறப்போடும் ஹாப்ஸையும் செய்முறையில் உள்ள எடைப்படியே போடுங்கள். சிறிய பாத்திரத்தில் பாதி நீரை மட்டும் கொதிக்கவைப்பவர்கள் மால்ட்டில் பாதியைக் கடைசிப் பத்து நிமிடம் வரை ஒதுக்கிவைப்பது நல்லது, ஏனெனில் அடர்ந்த கரைசலில் கசப்பு குறைவாகவே இறங்கும்.

இரண்டாவது பொட்டலம் கெட்டுவிட்டது. காற்றும் வெப்பமும் பட்ட ஹாப்ஸில் ஐசோவலேரிக் அமிலம் உண்டாகும். நீங்கள் சொல்லும் வாடை அதனுடையதுதான். பிரித்த உணவுப் பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்ற விதியை விற்பவர் காட்டக்கூடும். ஆனால் அது மனம் மாறித் திருப்புபவருக்கான விதி. பிரித்தால் மட்டுமே தெரியும் குறைக்கு அதைக் காட்டுவது முறையன்று. அன்றைக்கே படம் எடுத்து, தொகுதி எண்ணும் அறுவடை ஆண்டும் தெரியும்படி எழுத்தில் தெரிவியுங்கள். பொட்டலத்தை மூடி எடுத்து வையுங்கள். பாதியைப் பீரில் போட்டுவிட்டு மீதிக்கு இழப்பீடு கேட்காதீர்கள். அடுத்த முறை உலோகத்தாள் உறையில், காற்று நீக்கி, குளிரில் வைத்து விற்கப்படும் பெல்லட்டுகளை (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு உருளைகள்) கேளுங்கள். பெரிய மூட்டையிலிருந்து நிறுத்துக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதை, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடலாம்.

கேள்வி: வெளிர் நிறச் சாறு என்று வாங்கியதில் செம்பழுப்பு நிறத்தில் பீர் வந்தது, கருகிய சர்க்கரை போன்ற சுவையும் இருக்கிறது. அதிகம் கொதிக்கவிட்டது உங்கள் தவறு என்கிறார் விற்றவர்.

பதில்: இருவரில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். மால்ட் சாறு டப்பாவுக்குள் இருக்கும்போதே நாளாக ஆகக் கறுக்கும், வெப்பமான கிடங்கில் இன்னும் விரைவாக. அடுப்பில் நெடுநேரம் கொதித்தாலும் அதே வேதிவினை நடக்கும். பாத்திரத்தின் அடியில் சாறு ஒட்டிக் கருகியிருந்தால் குறை உங்களுடையது. அடி சுத்தமாக இருந்து, டப்பாவின் தேதியும் கடந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ உங்கள் பக்கம் வலுவானது. டப்பாவின் ஓரத்தில் ஒட்டிய சாற்றை ஒரு கரண்டி எடுத்து ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பாருங்கள்: கொதிக்காத அந்தக் கரைசலே செம்பழுப்பாக இருந்தால், விற்றவருக்குக் காட்ட அதைவிட வேறு சான்று தேவையில்லை. இதையே இனி ஒவ்வொரு டப்பாவுக்கும் காய்ச்சுவதற்கு முன்பே செய்துவிட்டால் வழக்கே எழாது.

கேள்வி: ஹைட்ரோமீட்டர் வாங்குவது வீண் செலவா? குமிழி நின்றதும் பாட்டிலில் அடைத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: சாதனங்களில் எதை விட்டாலும், கரைசலின் அடர்த்தியை அளக்கும் இதை விடாதீர்கள். நொதித்தல் தேங்கினாலும் குமிழி நிற்கும். மீந்த சர்க்கரையோடு அடைத்த பாட்டில் வெடிக்கக்கூடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளும் மாறாதிருந்தால் மட்டும் அடையுங்கள். பாட்டிலுக்குள் நுரை உண்டாக அப்போது சேர்ப்பதற்கென விற்கும் சர்க்கரை வில்லைகளைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். லிட்டருக்கு 6 கிராம் சாதாரணச் சர்க்கரையை எடைபோட்டுக் கரைத்துச் சேர்த்தாலே போதும்.