வெட்டிங் பிளானர் இல்லாமல், குறைந்த செலவில் பிலிப்பைன்ஸ் முறைப்படி கல்யாணம் நடத்த முடியுமா?

முடியும். 2019 ஏப்ரலில் எங்கள் கல்யாணத்தை அப்படித்தான் நடத்தினோம். மனைவிக்கு மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். நான் மதுரைக்காரன். இருவருக்கும் அப்போது சிங்கப்பூரில் வேலை. பிளானர் கேட்ட தொகைக்கு இரண்டு முழு லெச்சோன், அதாவது சுட்ட பன்றி, வாங்கிவிடலாம் என்று மாமியார் கணக்குப் போட்டுச் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அங்கே செலவு ஏறும் இடம் பூவும் மேடையும் இல்லை, நினோங்-நினாங் பட்டியல்தான். இவர்கள் கல்யாணத்துக்கு ஞானப் பெற்றோர் மாதிரி. நினோங் ஆண், நினாங் பெண். முதலாளி, பள்ளி ஆசிரியை, ஊர்க் கவுன்சிலர் என்று மரியாதைக்காக ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். பன்னிரண்டு ஜோடி என்பதெல்லாம் சகஜம். ஒவ்வொருவருக்கும் நினைவுப் பரிசு, சட்டையில் குத்தப் பூ, முன்வரிசை மேஜை, கூடவே அவர்கள் குடும்பத்துக்கும் சாப்பாடு. சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகள்தான். நாங்கள் நான்கு ஜோடியோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டு பேருக்கு வருத்தம்தான், இப்போது சரியாகிவிட்டது. இன்னொரு பக்கமும் உண்டு. நினோங் ஆனவர் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் கேக் தன் பொறுப்பு என்றார், இன்னொருவர் லெச்சோனை ஏற்றுக்கொண்டார். நீங்களாகக் கேட்காதீர்கள். "உங்களுக்கு ஏதாவது குறை இருக்கிறதா?" என்று அவர்களே கேட்கும்போது பட்டியல் கையில் தயாராக இருந்தால் போதும்.

அடுத்த பெரிய மிச்சம் மண்டபம். ஊருக்கு ஊர் பாரங்காய்க்குச் சொந்தமாகக் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம் இருக்கும் (பாரங்காய் என்பது நம் வார்டு மாதிரி). சின்ன வாடகைக்கு அதை எடுத்தோம். ரிசார்ட்டாக இருந்தால் வெளியிலிருந்து லெச்சோன் கொண்டுவந்தால்கூடத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மச்சினர்கள் இரண்டு கூடைகளையும் வெள்ளைத் துணியால் சுற்றி ரிப்பன் கட்டிவிட்டார்கள். போட்டோவில் பார்ப்பவர்கள் என்னவோ அலங்கார வளைவு என்றுதான் நினைக்கிறார்கள். கேட்டரிங்காரரின் பேக்கேஜிலேயே மேஜை, உறை போட்ட நாற்காலி, பின்புறத் திரை, சவுண்டு சிஸ்டம் எல்லாம் அடக்கம். விலை தலைக்கு இவ்வளவு என்பதால் ஆள் எண்ணிக்கை உங்கள் கையை மீறக் கூடாது. போட்டோகிராபர், டிரைவர், பாடகர் குழு சாப்பாட்டையும் அதிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நாங்கள் மறந்துபோய் ஒன்பது பேருக்குக் கடைசி நேரத்தில் அலைந்தோம். மீந்த பான்சிட் நூடுல்ஸையும், லும்பியா என்ற பொரித்த ரோலையும் விருந்தாளிகள் கூசாமல் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். முகம் சுளிக்காதீர்கள், அது அங்கே வழக்கம்.

பூவுக்கு மணிலா சம்பாலோக்கில் இருக்கும் டாங்வா மார்க்கெட். விடிவதற்குள் போய் வந்துவிட வேண்டும். சர்ச் பீடத்துப் பூவுக்கு மட்டும் ஒரு தந்திரம்: அதே நாளில் இன்னொரு கல்யாணம் இருந்தால் அந்த ஜோடியிடம் பேசிச் செலவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பரிசுப் பொருள்களுக்கு மணிலாவின் மலிவு விலைச் சந்தையான டிவிசோரியா. பாரோங், அதாவது அங்கே மாப்பிள்ளை போடும் எம்பிராய்டரிச் சட்டை, எனக்கு லும்பானில் எடுத்தோம். லகுனாவிலேயே கையெம்பிராய்டரிக்குப் பேர்போன ஊர் அது. தோழிகளுக்கு ஒரே மாதிரி கவுன் தைப்பதை விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் சொல்லி இருக்கிறதைப் போட்டுவரச் சொன்னோம். மழை வரக் கூடாது என்று புனித கிளாரா மடத்துக்கு மாமியார் முட்டை கொடுத்தார். ஏப்ரலில் எங்கே மழை? ஆனால் அந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பிளானர் இல்லை என்றால் அன்றைக்கு யார் விரட்டுவது? மனைவியின் பெரியம்மா, ஓய்வுபெற்ற டீச்சர். கையில் ஒரு நோட்டு, கழுத்தில் விசில். விசில் நிஜமாகவே விசில்தான். அப்படி ஒருவரைப் பிடியுங்கள், ஆனால் அவரையே நினாங் ஆக்கிவிடாதீர்கள். நினாங் முன்வரிசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும், அப்புறம் ஓடியாட ஆள் இருக்காது.

அந்த நோட்டிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. சடங்கின் நடுவே ஒரு வெள்ளைத் துணியை மணமகள் தலையிலும் மணமகன் தோளிலும் சேர்த்துக் குத்துவார்கள். அதற்கு மேல் யுகல் என்ற கயிற்றை எட்டு வடிவில் இருவருக்கும் போடுவார்கள். மெழுகுவத்தி இருக்கிறது, கயிறு இருக்கிறது, மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் பதின்மூன்று காசும் எண்ணி வைத்தாயிற்று. ஊக்கு இல்லை. துணியைப் பிடித்தபடி தோழி விழிக்கிறாள், பெரியம்மா கைப்பையைக் குடைகிறார். இரண்டாவது வரிசையில் இருந்த அம்மாவுக்குப் பாஷை ஒன்றும் புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. தாலிச் சரட்டில் எப்போதும் மாட்டியிருக்கும் ஊக்குகளில் இரண்டைக் கழற்றி நீட்டினார். இப்போதும் மாமியார் வீட்டில் அந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். மாலையில் நடனமாடும் ஜோடியின் உடையில் பணத்தாள் குத்தும் சடங்குக்கும் ஊக்கு வேண்டும், பெட்டியாகவே வாங்கி வையுங்கள். நம் மொய் மாதிரிதான், நோட்டுப் புத்தகம் மட்டும் கிடையாது.

கடைசியாகப் பேப்பர் வேலை. இதில் கோட்டை விட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். திருமண உரிமத்துக்கு ஊர் சிவில் பதிவாளரிடம் விண்ணப்பித்தால் பத்து நாள் அறிவிப்புப் பலகையில் போடுவார்கள், அதன் பிறகுதான் உரிமம். அது 120 நாள்தான் செல்லும். நாங்கள் கிறிஸ்துமஸ் லீவிலேயே ஆர்வக்கோளாறில் விண்ணப்பித்துவிட்டோம். ஜனவரி முதல் வாரம் கைக்கு வந்தது. ஈஸ்டர் தாண்டிக் கல்யாணம் நடந்தபோது மிச்சம் இருந்தது பத்துப் பன்னிரண்டு நாள்தான். ஏற்கெனவே கல்யாணம் பதிவாகவில்லை என்பதற்கு செனோமார் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டுக்காரர் என்றால் தன் தூதரகத்திலிருந்து தகுதிச் சான்றும் கொடுக்க வேண்டும். ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தால் ஆயரின் அனுமதி வேண்டும். அதைப் பங்குச் சாமியார் எழுதிக் கேட்பார், அவரிடம் முன்கூட்டியே போங்கள். எங்களுக்குத் திருப்பலி இல்லாமல் திருமணச் சடங்கு மட்டும்தான் நடந்தது, சீக்கிரமே முடிந்தது.

படிவத்தில் பெயர் எழுதும்போது கவனம். அங்கே நடுப்பெயர் என்றால் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். நமக்கோ இனிஷியல். என் அம்மாவின் குடும்பப் பெயரைக் கேட்ட கிளார்க்கிடம் அப்படி ஒன்று இல்லை என்று புரியவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடும் முன் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.