கிராஃப்ட் பியரை எப்படி எடைபோடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், ஒசூரில் வேலை. மாதம் ஒருமுறை பெங்களூரு போய், அங்கேயே பியர் தயாரித்துப் பரிமாறும் பப்களில் குடிப்போம். ஒருவன் டாய்ட்தான் சிறந்தது என்கிறான், இன்னொருவன் ஆர்பர் என்கிறான், மூன்றாமவன் வின்ட்மில்ஸை விட்டுக்கொடுப்பதில்லை. மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் போய் முடிவு செய்துவிடலாமா? என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஒரே நாளில் மூன்று வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் சாம்பிள் தட்டு கிடைக்கும், நான்கைந்து சின்ன கிளாஸ் இருக்கும். கிளாஸுக்கு 100 மில்லி என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தட்டில் ஐந்து கிளாஸ் வீதம் மூன்று இடத்தில் ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். ஆல்கஹால் 5.5 சதவீதம் என்றால் உடம்புக்குள் போவது சுமார் 82 மில்லி சுத்த ஆல்கஹால். 650 மில்லி சாதாரண பியர் பாட்டில் இரண்டரை குடித்த அளவு இது. மூன்றாவது இடத்துக்குப் போகும்போது நாக்கும் மூக்கும் ஓய்ந்திருக்கும், அங்கே கொடுக்கும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு நாளைக்கு ஓரிடம், மிஞ்சினால் இரண்டு. இரண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள், அது போதும்.

அடுத்தது, ஒரே வகையை ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர், இன்னோர் இடத்தில் கோதுமை பியர் குடித்துவிட்டு எது சிறந்தது என்று கேட்டால், வத்தக்குழம்பையும் மோர்க்குழம்பையும் போட்டிக்கு விட்ட மாதிரிதான். எல்லா இடத்திலும் அநேகமாகக் கிடைக்கக்கூடியது ஜெர்மன் பாணி கோதுமை பியர். அதிலிருந்து தொடங்கலாம்.

கிளாஸ் மேசைக்கு வந்ததும் முதலில் கிளாஸையே பாருங்கள். உள்சுவரில் ஓரிடத்தில் மட்டும் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை, எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சம் இருக்கிறது. அந்தப் பிசுக்கு நுரையையும் கொன்றுவிடும். சுத்தமான கிளாஸில் நுரை இரண்டு விரல் உயரம் நிற்கும். நீங்கள் குடிக்கக் குடிக்க, ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாகச் சுவரில் படிந்துகொண்டே இறங்கும். கோதுமை பியர் கலங்கலாகத்தான் இருக்கும், அது குறையில்லை. பில்ஸ்னர் என்பது தெளிவான வெளிர் பியர், அது கலங்கலாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

அப்புறம் மணம். வாயில் வைப்பதற்கு முன்பே, ஊற்றிய அரை நிமிடத்துக்குள் மூக்கை கிளாஸுக்குள் விட்டு இரண்டு மூன்று தடவை சின்னச் சின்னதாக முகருங்கள். நல்ல கோதுமை பியரில் முதலில் வாழைப்பழம் வரும். நம் ஊரில் ரஸ்தாளிச் சீப்பு பழுத்துக் கிடக்கும் அறைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த மணம். அதன் பின்னாலேயே கிராம்பு. இரண்டையும் யாரும் உள்ளே போடுவதில்லை, ஈஸ்ட் தானாக உண்டாக்குவது. வாழைப்பழமும் கிராம்பும் ஒன்றையொன்று அமுக்காமல் இருக்கிறதா, வாழைப்பழம் மட்டும் பபுள்கம் போலத் தூக்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தச் சமநிலையில்தான் தயாரிப்பாளரின் கை தெரியும்.

குடிக்கும்போது ஒயின் ருசிப்பவர்கள் மாதிரி துப்ப வேண்டாம், விழுங்குங்கள். கசப்பு முழுதாகத் தெரிவது விழுங்கிய பிறகுதான். மணமும் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். கசப்பு சுத்தமாக விலகுகிறதா, காரலாக நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பியர் போட்டி நடுவர்களுக்கு விதி வகுக்கும் பிஜேசிபி அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10, வாயில் உணரும் கனத்துக்கும் குமிழ்ப்புக்கும் 5, தோற்றத்துக்கு வெறும் 3. நிறத்தைப் பார்த்தே பியரை விரும்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கனம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள், ஸ்டவுட்டும், கசப்பு தூக்கலான ஐபிஏவும் கடைசியில். இடையிடையே தண்ணீர். மசாலா கடலை, சில்லி சிக்கன் எல்லாம் ருசி பார்த்து முடித்த பிறகு. அன்றைக்கு சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ரொம்பச் சில்லென்று வந்தால் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலைந்து நிமிடம் பொறுங்கள், சில்லிப்பு மணத்தை மறைத்துவிடும். முக்கியமான விஷயம், அவரவர் கருத்தைப் பேசுவதற்கு முன் போனில் மூன்று வரி எழுதிவிடுங்கள். முதலில் வாயைத் திறப்பவரின் நாக்குதான் மேசையில் எல்லோருக்கும் நாக்காகிவிடும். நானே பல தடவை அப்படி ஏமாந்திருக்கிறேன்.

ஒசூருக்குத் திரும்ப வேண்டும் என்கிறீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் சட்டம் அனுமதிக்கும் எல்லை, சாம்பிள் தட்டே அதைத் தாண்டவைத்துவிடலாம். அன்றைக்கு ஒருவர் குடிக்காமல் வண்டி ஓட்டட்டும், இல்லாவிட்டால் பஸ்.

கேள்வி: ஒரு பப்பில் லாகர் வகை பியர் வாங்கினேன். வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை. கேட்டதற்கு, "இது இந்த வகைக்கே உள்ள மணம் சார்" என்றார்கள். உண்மையா?

பதில்: அநேகமாக இல்லை. அதன் பெயர் டைஅசெடைல். பியர் நொதிக்கும்போது உண்டாகும். ஈஸ்ட்டுக்குப் போதிய நேரம் கொடுத்தால் அதுவே திரும்பத் தின்று தீர்த்துவிடும். அவசரமாக டாங்க்கிலிருந்து இறக்கினால் தங்கிவிடும். சில செக் லாகர்களிலும் ஆங்கிலேய ஏல் வகை பியர்களிலும் லேசாக இருக்கலாம் என்பது மெய்தான். ஆனால் பாப்கார்ன் என்று நீங்களே சொல்லும் அளவுக்கு எழும்பினால் அது குறை.

இன்னொரு காரணமும் உண்டு. பீப்பாயிலிருந்து குழாய்க்கு வரும் பைப்புக்குள் பாக்டீரியா படிந்தாலும் இதே வெண்ணெய் வாசனை வரும், கூடவே புளிப்பும் சேரும். அந்த பைப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் பரிந்துரை. எனக்கும் ஓரிடத்தில் இது நடந்தது. ஒரே மாலையில் மூன்று வெவ்வேறு பியரிலும் அதே வெண்ணெய், அதே புளிப்பு. மூன்றும் தனித்தனியாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு என்று யோசித்து, "பைப் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டேன். பரிமாறியவர் உள்ளே போய்த் திரும்பி வந்து, பில்லிலிருந்து மூன்றையும் எடுத்துவிட்டார். கோபப்படாமல் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

வேறு சில வாசனைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பச்சை ஆப்பிள் மணம் என்றால் பியர் இன்னும் முதிரவில்லை. வேகவைத்த மக்காச்சோளம் என்றால் பெரும்பாலும் கொதிக்கவைத்ததில் குறை. காடி மாதிரி சுள்ளென்று புளித்தால் கிருமி புகுந்திருக்கிறது. ஆனால் கோஸா, பெர்லினர் வைஸ் போன்ற வகைகள் புளிப்பாகவே இருக்க வேண்டியவை. மெனுவைப் படித்துவிட்டுப் புகார் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் தள்ளுபடி விலையில் ஐபிஏ பாட்டில் வாங்கினேன். நனைந்த அட்டைப்பெட்டியை மென்றது போல இருந்தது. காலாவதித் தேதி தாண்டவில்லை. புகார் செய்யலாமா?

பதில்: நனைந்த அட்டை என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது என்று பொருள். தேதிக்குள்ளேயே இது நடக்கலாம், வெயிலிலும் சூட்டிலும் அடுக்கிவைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். ஐபிஏவின் உயிரே ஹாப்ஸ் மணம்தான் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ அது), முதலில் போவதும் அந்த மணம்தான். அதனால் ஐபிஏ வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்ப்பதைவிடத் தயாரித்த தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் நான் வாங்குவேன். அரை வருடம் கடந்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். பச்சை பாட்டிலையும் நிறமில்லாத பாட்டிலையும் வெளிச்சத்தில் வைத்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒளி பட்டதும் ஹாப்ஸ் தந்த கசப்புப் பொருள் உடைந்து கந்தக நாற்றம் உண்டாகும், சூடான ரப்பரைப் போல அடிக்கும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், கேன் முழுதாகக் காக்கும்.

புகார் செய்வதானால் பில்லையும், லேபிளில் உள்ள பேட்ச் எண்ணின் படத்தையும், முடிந்தால் திறக்காத இன்னொரு பாட்டிலையும் வைத்துக்கொண்டு முதலில் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சுவை பிடிக்கவில்லை என்று எழுதாமல், என்ன வாசனை, எந்தத் தேதி, கடையில் எப்படி வைத்திருந்தார்கள் என்று எழுதினால்தான் நடவடிக்கைக்கு வழி உண்டு.

கேள்வி: ஐபியு 60 என்று போட்டிருக்கிறது. எண் கூடினால் தரமும் கூடுமா?

பதில்: இல்லை. அது கசப்பின் அளவு மட்டுமே. பாகற்காயில் வெல்லம் போட்டால் கசப்புப் பொருள் அப்படியேதான் இருக்கும், நாக்குக்குத்தான் குறைவாகத் தெரியும். பியரில் அந்த வெல்லத்தின் வேலையை மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், செய்கிறது. கனமான ஸ்டவுட்டில் 40 இருந்தும் உறைக்காது, மெலிந்த பில்ஸ்னரில் 35 இருந்தாலே சுருக்கென்று தெரியும்.

கேள்வி: பப்பில் பியருக்கும் ஜிஎஸ்டி, கூடவே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். சரியா?

பதில்: மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது மாநில வரிகளின் கீழ் வருவது. சாப்பாட்டுக்கும் பியருக்கும் பில்லைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், ஜிஎஸ்டி சாப்பாட்டுப் பகுதிக்கு மட்டுமே இருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைப் படமெடுத்து 1915-க்குப் புகார் செய்யுங்கள். அங்கே உங்களுக்கு நன்றாகப் பரிமாறியவர் இருந்தால், டிப்ஸை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.